கார் உடைப்பவனின் வாய்முகூர்த்தம்

புதுக் காரை அதன் ஷோரூம் வாசனை போவதற்குள் கொண்டுபோய் மோதி உடைப்பதுதான் என் வேலை. அதற்கு மாதச் சம்பளமும் தீபாவளி போனஸும் உண்டு.

ஒரகடம் பக்கம் மோதல் சோதனை செய்கிற ஒரு கூடத்தில் பத்து வருஷமாக இருக்கிறேன். உத்திரமேரூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ். வண்டிக்குள் மனுஷனுக்குப் பதிலாகப் பொம்மைகள் உட்காரும். அவற்றுக்குச் சட்டை மாட்டி, முகத்தில் சாயம் பூசி, சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டுவிட்டு வெளியே வருவது என் பொறுப்பு. மோதிய பிறகு அந்தச் சாயம் எங்கெங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் மண்டை இடித்திருக்கிறது என்று அர்த்தம்.

நீங்கள் நர்ஸாக இருந்து வீட்டில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லியிருப்பீர்கள். கரன்ட் ஆபீசில் இருந்து, ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று கத்தியிருப்பீர்கள். ஒருத்தரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். அப்படி வயிறெரிந்தவர் என்றால் நீங்கள் நம்ம கட்சி. என் வயிற்றெரிச்சலுக்குப் பெயர் தன்ஷிகா, அக்கா மகள், மூணு வயசு. அக்கா வீட்டுக் காரில் அவள் இதுவரை ஒருநாளும் பெல்ட் போட்டு உட்கார்ந்ததில்லை. யாராவது ஒருத்தர் மடியில்தான் பயணம். அந்த மடியிலிருந்து அவளை இறக்க நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பின்பாதி

எங்கள் தெருவில் முனுசாமி என்று ஒரு அண்ணன். சாலவாக்கம் பக்கம் ரெண்டு ஏக்கர் நெல்லும் ஒரு டிராக்டரும் வைத்திருக்கிறார். ஒருநாள் டீக்கடையில் என் வேலையைப் பற்றி விசாரித்தார். காரை இழுத்துக்கொண்டு போய்த் தடுப்பில் மோதுவோம், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், அந்த ஒரு இமைப்புக்கு முன்னேயும் பின்னேயும் நாள்கணக்கில் வேலை இருக்கும், அப்புறம் வண்டி காயலான் கடைக்குப் போய்விடும் என்று சொன்னேன். அண்ணன் டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பரவாயில்லையே, ஒரு மனுஷனாவது அக்கறையாகக் கேட்கிறாரே என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நெஞ்செலும்பு என்ன ஆகும், கழுத்து என்ன ஆகும் என்று விவரமாக இறங்கினேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு என் தோளில் கைபோட்டார்.

"முன்னாடிதானே தம்பி நசுங்குது, பின்னாடி பாதி நல்லாதானே கீது? அந்தப் பின்சீட்ட மட்டும் கழட்டிக்கினு வாயேன், டிராக்டர்ல மாட்டிட்டா எங்க வூட்டம்மா சொகமா குந்திக்கினு வரும்."

சின்ன பொம்மை

எங்கள் கூடத்தில் குழந்தைப் பொம்மைகளும் உண்டு. ஒன்றுக்கு ஒன்றரை வயசு, இன்னொன்றுக்கு மூணு. சட்டை நிக்கர் போட்டுவிட்டால் சத்தியமாகக் குழந்தைதான். எப்போதும் அவற்றைக் குழந்தை சீட்டில் வைத்து, வாரைப் போட்டுத்தான் மோதுவோம். ஒரே ஒரு தடவை, பயிற்சிக்கு வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக வேறு மாதிரி செய்தோம். முழு வண்டி இல்லை, இரும்புப் பாதையில் ஓடுகிற வெறும் சீட்டு. பெரிய பொம்மைக்கு பெல்ட் போட்டு, அதன் மடியில் மூணு வயசுப் பொம்மையை உட்கார வைத்தோம். பெரியதின் ரெண்டு கையையும் எடுத்துச் சின்னதைச் சுற்றி வைத்து, டேப்பு போட்டு ஒட்டியவன் நான்தான். அம்மா பிடித்திருக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

மோதிய பிறகு பார்த்தால் பெரியது சீட்டிலேயே இருந்தது. சின்னது எதிரே இருந்த பலகையில் இடித்துத் தலைகுப்புறக் கிடந்தது. டேப்பு பிய்ந்து தொங்கியது. அந்த வேகத்தில் பதினாலு கிலோ பிள்ளை மூட்டைக் கணக்கில் கனக்கும், எந்தத் தாயாலும் பிடித்துக்கொள்ள முடியாது என்று இன்ஜினியர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. தன்ஷிகாவும் அதே உயரம், அதே எடை. பக்கத்தில் கேமரா பார்க்கிற சரவணன் நின்றிருந்தான். அவன் வீட்டிலும் அந்த வயசில் ஒரு பெண் இருக்கிறாள். சத்தம் போடாமல் வெளியே போனான். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் போனில் பேசுவது கேட்டது.

"பாப்பா ஸ்கூலுக்குப் போயிட்டாளா? எதுல போனா?"

அஞ்சு ஸ்டார்

தை மாசம் அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை மாமா கார் எடுத்தார். உரக்கடை வைத்திருக்கிறார். அத்தனை வருஷமும் மொபெட்டில் மூட்டையைக் கட்டி ஓட்டியவர். சின்னக் குடும்பக் கார், வெள்ளை நிறம். அந்த மாடலை இடித்துப் பார்த்ததே எங்கள் கூடத்தில்தான். மோதலில் உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுகிற வண்டி என்று அதற்கு அஞ்சு ஸ்டார் கிடைத்ததும் வாஸ்தவம்தான்.

கோயில் வாசலில் பூஜை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனம். நான் கிட்டே போனதும் அக்கா, "நீ கொஞ்சம் தள்ளி நில்லுடா" என்றாள். புது வண்டியை உடைக்கிற கை ஆயிற்றே! சரி என்று தள்ளியே நின்றேன். ஆனால் மாமா முதல் சுற்றுக்கு வண்டியைக் கிளப்புகிறார், முன்சீட்டில் அக்கா, அக்கா மடியில் பாப்பா. எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய், "மாமா, அந்த ஸ்டாரெல்லாம் பெல்ட் போட்ட பொம்மைக்குக் குடுத்தது. போட்டுவுட்டதே நான்தான். அடிபட்டா மடில கீற கொழந்த..." என்று ஆரம்பித்தேன். நல்ல நேரத்தில் இப்படிப் பேசுகிறானே என்று அக்கா கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மாமா கோபப்படவில்லை. பச்சைப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாக எனக்கு விளக்கினார்.

"டேய் மாப்ள, இந்த பெல்ட்டு பேஜாரெல்லாம் வோணாம்னுதானடா நானே ஸ்டார் வண்டியா பாத்து வாங்கினேன்."

பாய் கடை

பெல்ட் போடாவிட்டால் வண்டி கீ கீ என்று கத்துமே, அந்தச் சத்தம் தாங்காமலாவது போடுவார்கள் என்று நம்பினேன். ஒரே வாரத்தில் சத்தம் நின்றுவிட்டது. பெல்ட்டைச் செருகுகிற ஓட்டையில் ஒரு கிளிப். வெறும் நாக்கு மட்டும்தான், பெல்ட் கிடையாது. அதைச் செருகிவிட்டால் வண்டி ஏமாந்துபோய் வாயை மூடிக்கொள்ளும். பஸ் ஸ்டாண்டு பக்கம் கார் சாமான் கடை வைத்திருக்கிற சாதிக் பாயிடம் வாங்கியதாம்.

பாய் நல்ல மனுஷர், எங்கள் குடும்பத்துக்கு ரொம்ப வருஷப் பழக்கம். அந்த உரிமையில் நேரே போய், "இத விக்கக் கூடாதுன்னு கவர்மென்டே சொல்லிக்கீது, தெரியாதா பாய்?" என்று சண்டைக்கு நின்றேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கிளிப் டப்பாவைத் திறந்து காட்டினார், ஒன்றுகூட மிச்சமில்லை. அப்புறம் மேல் அலமாரியைக் காட்டினார். அங்கே ஒரு குழந்தை சீட், பிரிக்காத உறையோடு, தூசி படிந்து உட்கார்ந்திருந்தது.

"இதுவும் நான் ஆசையா வாங்கி வெச்சதுதான் தம்பி. வர்ற ஜனம் எல்லாம், 'பாப்பா தூங்கும்போது வண்டி கத்துது பாய், அத நிறுத்திக் குடு'ன்னுதான் கேக்குது."

பிறந்தநாள் பரிசு

அந்த சீட்டை நானே வாங்கிவிட்டேன். சித்திரையில் தன்ஷிகாவுக்கு மூணாவது பிறந்தநாள் வந்தது. ரிப்பன் கட்டி எடுத்துப் போனேன். காரின் பின்சீட்டில் அதை எப்படி மாட்டுவது, வாரை எவ்வளவு இறுக்குவது என்று அக்காவுக்கும் மாமாவுக்கும் ஒரு மணிநேரம் பாடம் எடுத்தேன். பாப்பா அதில் உட்கார்ந்து கையைத் தட்டிச் சிரித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து, அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

பத்து நாள் கழித்துப் போனால், சீட் நடுக்கூடத்தில் டி.வி.க்கு எதிரே இருக்கிறது. வாரெல்லாம் சரியாகப் போட்டு, நான் சொன்ன அளவுக்கே இறுக்கி, உள்ளே பாப்பா. வாயில் பருப்புச் சோறு. அக்கா முகமெல்லாம் சிரிப்பு.

"ரொம்ப உபயோகம்டா தம்பி, இதுல கட்டிப் போட்டாதான் ஓடாம குந்திக்கினு சோறு துன்றா."

போலீஸ் கை

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் காஞ்சிபுரம் போனோம். நான் பின்னால், அக்காவும் பாப்பாவும் வழக்கம்போல முன்சீட்டில். ஊர் எல்லையில் போலீஸ் நிற்பது தெரிந்ததும் மாமா பெல்ட்டை இழுத்து மார்புக்குக் குறுக்கே கையால் பிடித்துக்கொண்டார், மாட்டவில்லை. வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். வாய் விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் சொன்னால் கேட்காதவர்கள் காக்கிச் சட்டை சொன்னால் கேட்பார்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். போலீஸ்காரர் ஒருத்தர் ஜன்னலில் குனிந்தார். அக்கா மடியில் நின்றுகொண்டிருந்த பாப்பா அவருக்கு டாட்டா காட்டினாள். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கன்னத்தைக் கிள்ளினார்.

"பாப்பாவ கெட்டியா புடிச்சிக்கோம்மா, நீ போ சார்."

நெல் காயும் ரோடு

வைகாசியில் சாலவாக்கம் போகிற ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் எருமைக் கன்று ஒன்று குறுக்கே வந்தது. மாமா பிரேக் அடித்தார். பெரிய வேகம் ஒன்றுமில்லை. கன்று அதுபாட்டுக்குப் போய்விட்டது, வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. அக்கா மடியில் இருந்த பாப்பா மட்டும் டேஷ்போர்டில் போய் இடித்தாள். முகவாயில் நாலு தையல், முன்பல் ஒன்று போய்விட்டது.

சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கவுனெல்லாம் ரத்தம் காய்ந்து, பாப்பா தேம்பிக்கொண்டிருந்தாள். சத்தியமாக, 'அப்பவே சொன்னேனே' என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை. போகட்டும், ஒரு பல்லோடு போயிற்று, இனிமேலாவது கேட்பார்கள் என்று ஒரு கேவலமான நிம்மதிதான் வந்தது. அதற்குள் அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"வந்துட்டியா? அடிபடும் அடிபடும்னு சொல்லிச் சொல்லியே உன் வாய் முகூர்த்தம் என் கொழந்தைய அடிபட வெச்சிடுச்சேடா பாவி, இன்னும் இன்னா பாக்கி, அதயும் சொல்லிட்டுப் போ!"

தாய்மாமன் மடி

மூணு மாசம் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மிளகாய் சுற்றிப் போட்டார்களாம், என் கண்ணையும் சேர்த்து. என் சொந்த அக்கா! ஆனால் ஆவணியில் பாப்பாவுக்கு மொட்டை அடித்துக் காது குத்த நாள் குறித்தார்கள். பெருநகர் என்கிற ஊரைத் தாண்டி அவர்கள் குலதெய்வம் கோயில். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எவ்வளவு கெட்ட வாயாக இருந்தாலும் தாய்மாமனுக்குப் பதில் ஆள் போட முடியாதே! அக்காவே வெற்றிலைபாக்கோடு வந்து கூப்பிட்டாள். முகவாயில் தழும்போடு பாப்பா என்மேல் தாவினாள். ரெண்டு பேரும் அழுதோம், நானும் அக்காவும்.

கிளம்புகிற காலையில் அந்தச் சின்னக் காரில் பாப்பாவோடு ஏழு பேர். முன்சீட்டில் மாமாவின் நைனா, மடியில் வரிசைத் தட்டோடு. பின்னால் அக்கா, அவள் மாமியார், ஒரு அத்தை, நான். குழந்தை சீட் வைக்க இடம் எங்கே? "பாப்பாவத் தூக்கிக்கினு நான் பஸ்ல வந்துடறேங்கா" என்று கெஞ்சினேன். பஸ்ஸை நம்பினால் நல்ல நேரம் போய்விடும் என்றார்கள். எனக்காவது பெல்ட் இருக்கிறதா என்று தேடினேன். புதிதாக சீட் கவர் போட்டதில் கொக்கியெல்லாம் அடியில் போய்விட்டிருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். மூடிக்கொண்டேன். இறங்கிவிடலாம்தான். இறங்கினால் அவள் அத்தை மடிக்குப் போவாள், அத்தை ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார். அக்கா பிள்ளையைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். எப்படியும் உன் மடியில்தானே உட்காரணும், இப்போதே வைத்துக்கொள் என்றாள்.

வாங்கிக்கொண்டேன். முன்சீட்டில் முழங்காலை முட்டுக்கொடுத்து, ரெண்டு கையையும் அவள் வயிற்றைச் சுற்றிக் கோத்து, விரல் வெளுக்கப் பிடித்தேன். இந்தப் பிடி நிற்காது என்று அந்த வண்டியில் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். எதிரே லாரி வந்தது, செங்கல் டிராக்டர் வந்தது, பஸ் வந்தது. ஒவ்வொன்றுக்கும் இன்னும் இறுக்கினேன். மாமா சந்தோஷமாகப் பாட்டு போட்டார். பாதி வழியில் பாப்பா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, நோவுது. அம்மா மாதிரி லேசா புடி."

இந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்து நான் கண்டது இவ்வளவுதான்: என்ன ஆகும் என்று தெரிந்தவனும் தெரியாதவனும் ஒரே வண்டியில்தான் போகிறார்கள், தெரிந்தவனுக்கு மட்டும் வழி முழுக்கக் கை வலிக்கும்.