மச்சான் ஊர்க் கண்மாய்க்கரையில் ஒரு கூடாரம்

எனக்குப் பயம் வருவதற்குக் காரணமெல்லாம் வேண்டாம். கொஞ்சம் ஓய்வு நேரம் இருந்தால் போதும். ஆனால் மகளின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்று வந்த பயத்துக்கு உருப்படியான காரணம் இருந்தது. என் மனைவியின் அண்ணன்.

எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வராமல் பெண் மணமேடை ஏற முடியாது. என் மகளுக்கு இருப்பது ஒரே மாமன். பேரையூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் விவசாயம் பார்க்கிறார். அந்த ஒரே மாமனும் எங்களோடு பேச்சை நிறுத்தி வருடக்கணக்காகிவிட்டது. பசுமலையில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது எடுத்த வீடியோவில் அவர் முகம் எங்குமே வரவில்லை. பந்திக் காட்சியில் ஒரு ஓரமாக அவருடைய முழங்கை மட்டும் வந்து போகிறது. "அம்புட்டுப் பேரு மூஞ்சியும் வருது, பொண்ணு குடுத்த வீட்டுக்காரன் மூஞ்சி மட்டும் வரலையாக்கும்?" என்று கேட்டதுதான் அவர் கடைசியாக என்னிடம் பேசியது. படம் பிடித்தது வீடியோக்காரர். அந்த முழங்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

மனைவி போனில் அழுது மூக்கைச் சிந்தி ஒருவழியாக அவரை இறக்கி வைத்திருந்தாள். "ஞாயித்துக்கெழமை காலையில வரச் சொல்லு. பத்திரிகை வைக்கட்டும். மத்ததை அப்பறம் பாப்போம்" என்றாராம். மாலை போடுவது அந்த 'மத்த'தில் அடக்கமா இல்லையா என்று நான் நாள் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான் மகள் வந்தாள்.

"அப்பா, சனிக்கெழமையே கெளம்புவோம். சமயநல்லூர்ல அத்தையப் பாத்துட்டு, வழியில எங்கயாச்சும் டென்ட் போட்டுத் தங்கிட்டு, காலையில மாமா வீட்டுக்குப் போவோம். கல்யாணத்துக்கு முன்னாடி நம்ம மூணு பேரும் சேந்து போற கடைசி ட்ரிப்புப்பா."

கடைசி என்று சொல்லிவிட்டால் தகப்பன் என்ன செய்வான்? தவிர, கூடாரத்தை அவள் ஏற்கெனவே ஆன்லைனில் வாங்கிக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

நானும் என் பங்குக்குத் தயாரானேன். அறைக்கு ஒன்றாகக் கிடந்த டார்ச் லைட்டையெல்லாம் பொறுக்கினேன். வெக்கைக்குச் சின்ன வெங்காயம். பாம்புக்குப் பூண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு விசில்.

"பாம்பு வந்தா விசிலடிப்பீகளாக்கும்?" என்றாள் மனைவி. "விசிலடிச்சா நிக்க அது என்ன டவுன் பஸ்ஸா?"

சமயநல்லூரில் என் அக்கா வீட்டில் பத்திரிகையைக் கண்ணில் காட்டவில்லை. தாய்மாமனுக்கு வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு. அது அக்காவுக்கும் தெரியும். அதனால் அவளும் கேட்கவில்லை, சோற்றைத்தான் போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள். ராத்திரி எங்கே தங்கப் போகிறோம் என்று சொன்னதும் கரண்டி அப்படியே நின்றது.

"ஏன்டா, வழி நெடுக சொந்தக்காரங்கள வச்சுக்கிட்டு ரோட்டோரமா படுக்கப் போறேங்குற? பாக்குறவுக என்னடா நெனைப்பாக?"

நான் சிரித்தேன். அந்த வார்த்தையைக் காதில் வாங்கியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

உண்ட மயக்கத்தில் மனைவி பின் சீட்டில் தூங்கிவிட்டாள். மகள் வழியெல்லாம் இடம் காட்டிக்கொண்டே வந்தாள். அழகான தோப்பு ஒன்று வந்தது. கிணறு இருக்கிறது, வேண்டாம் என்றேன். ஒரு பாறைச் சரிவு வந்தது. குரங்கு இருக்கும் என்றேன். அருவாளோடு ஒரு சாமி நிற்கிற ஆலமரத்தடி வந்தது. பூசாரியைக் கேட்காமல் படுத்தால் அவர் சும்மா விடமாட்டார் என்றேன். "யாருப்பா, பூசாரியா சாமியா?" என்றாள். இரண்டு பேரும்தான். உசிலம்பட்டி போயிற்று. அதற்கப்புறம் வந்த இடங்களில் ஆள் நடமாட்டமே இல்லை என்று பயந்தேன். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, வெயில் தாழ்கிற நேரத்தில் என் மனசுக்குப் பிடித்த ஒரு கண்மாய்க்கரைக்கு வந்து சேர்ந்தோம். வற்றிப்போன கண்மாய், கரையில் புளியமரம், கூப்பிடு தூரத்தில் வீடுகள், தெருவிளக்கு, தெரிந்த முகங்கள். இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டா?

கூடாரம் பையிலிருந்து எடுத்து வீசினால் தானாக விரிந்துகொள்கிற ரகம். வீசினேன். குடை மாதிரி படக்கென்று விரிந்து உட்கார்ந்தது. ஆரஞ்சு நிறம். அடுத்த ஊருக்குத் தெரிந்திருக்கும்.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் நின்றார்.

"யாரு, மாப்ளயா? என்ன இங்குட்டு நிக்கிறீக? வீடு அங்கிட்டுல்ல இருக்கு?"

"தெரியும்ணே. இன்னைக்கு ராத்திரி இங்கனதான்."

அவர் கூடாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் ராசியாகலையோ?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆடுகளே திடுக்கிடுகிற வேகத்தில் ஊரைப் பார்த்து ஓட்டினார்.

அப்போதுதான் மனைவி கண் விழித்துக் காரிலிருந்து இறங்கினாள். கண்மாயைப் பார்த்தாள். அவள் பிறந்த ஊர்க் கண்மாய். கூடாரத்தைப் பார்த்தாள். போகிற ஆட்டுக்காரரைப் பார்த்தாள்.

"முடிஞ்சுச்சு" என்றாள். "வந்த மாப்பிள்ளைய வீட்டுக்குள்ள விடாம கண்மாய்க்கரையில படுக்க வச்சுட்டான்னு எங்கண்ணன ஊரே காறித் துப்பப் போகுது. மொழங்கைக்கே இம்புட்டு வருசம். இதுக்கு எம்புட்டு வருசமோ?"

ஆட்டுக்காரர் டீக்கடைக்குப் போய்ச் சேருவதற்குள் கூடாரத்தைச் சுருட்டிவிட்டால் சாட்சியம் இருக்காது என்று கணக்குப் போட்டேன். தானாக விரிகிற கூடாரம் தானாகச் சுருங்காது என்பது அப்போதுதான் தெரிந்தது. வட்டமாக மடக்கினால் எட்டுப் போல முறுக்கிக்கொண்டது. எட்டை அமுக்கினால் முகத்தில் அறைந்தது. உள்ளே இருந்து இழுத்தால் படியுமோ என்று உள்ளே போனேன். வாசல் ஜிப்பு, காற்று வராமல், வெளிச்சம் வராமல், நானும் வராமல் மாட்டிக்கொண்டது.

வெளியே பைக் சத்தம் கேட்டு நின்றது. செருப்புச் சத்தம் நெருங்கியது.

"உள்ள யாரு?"

"நான்தான் மச்சான்."

"வெளிய வாங்க மாப்ள."

"ஜிப்பு மாட்டிக்கிருச்சு மச்சான்."

பேச்சு நின்றுபோனபின் நாங்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான். நடுவில் ஒரு துணி. மகள்தான் வெளியிலிருந்து ஜிப்பை விடுவித்தாள். தவழ்ந்து வந்து தலையை நீட்டினேன். மச்சான் இடுப்பில் கைவைத்து நின்றார். அவருக்குப் பின்னால் கரை நெடுக ஊர் வந்து உட்கார்ந்திருந்தது.

"காரு ரிப்பேரு மச்சான்" என்றேன். முட்டிபோட்டிருக்கிறவனுக்கு வேறென்ன தோன்றும்?

அவர் நடந்துபோய்ச் சாவியைத் திருகினார். என் கார் அவ்வளவு இனிமையாக எந்தக் காலத்திலும் ஸ்டார்ட் ஆனதில்லை. கரையில் ஒரு கிழவர் சத்தமாகவே சிரித்தார்.

"ஏன் மாப்ள, என் வீட்டு நெலைப்படி உங்க ஒசரத்துக்குப் பத்தலையா?" என்றார் மச்சான்.

மகளுக்கு மாலை போட ஆள் இல்லாமல் மண்டபத்தில் நான் திருதிருவென்று விழிக்கிற காட்சி, வீடியோவில் நல்ல வெளிச்சத்தோடு, முழுசாக ஓடியது.

"மாமா, அப்பாவைத் திட்டாதீங்க" என்றாள் மகள். "டென்ட்ல படுக்கணும்னு நான்தான் ஆசைப்பட்டேன். வழியில ஒரு எடம் விடலை, எல்லா எடத்துலயும் பயந்தாரு. கெணத்துக்குப் பயம், கொரங்குக்குப் பயம், சாமிக்குப் பயம். ஒங்க ஊரு வந்ததும்தான், 'இங்கன போடு, இது நம்ம மச்சான் ஊரு, ஒரு பயமும் இல்லை'ன்னாரு."

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நினைத்தது அதுதான்.

மச்சான் என்னைப் பார்த்தார். மீசை லேசாக அசைந்தது. பிறகு போனை எடுத்து, கரையில் கடைசியாக உட்கார்ந்திருந்தவருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஏத்தா, கொழம்பச் சட்டியோட தூக்கு. கட்டிலப் பூராம் டிராக்டர்ல ஏத்து. ஆமா, கண்மாய்க்குத்தான். மாப்ள விருந்து இன்னைக்கு இங்கனதான். நானும் இங்கதான் படுக்கப் போறேன்!"

இனி யார் என்ன சொல்ல முடியும்? மாப்பிள்ளை வெளியே படுத்தால்தானே குறை? வீட்டுக்காரனும் வெளியே படுத்துவிட்டால் அது விருந்து.

பொழுது சாய்ந்த வெளிச்சத்தில் டிராக்டர் வந்தது. கட்டில்கள், தலையணைகள், குழம்புச் சட்டி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு டேபிள் ஃபேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் மனைவி.

"இத எங்கனடி சொருகுவ? புளிய மரத்துலயா?" என்றார் மச்சான்.

"எடு எடுன்னு பறந்தா, கையில கெடைச்சத எடுத்தேன்" என்ற அந்த அக்கா என் பக்கம் திரும்பி, "ஏன் தம்பி, காத்தாடப் படுக்கணும்னா எங்க மொட்டைமாடி இல்லையா?" என்றது.

சாப்பாடு முடிந்து மச்சான் கூடாரத்துக்குள் படுத்துப் பார்த்தார். கால் இரண்டும் வெளியே நீண்டன. வெறும் கால் மட்டும் யார் படத்திலாவது வந்துவிடுமோ என்று பதறிப்போய்ப் போனை எடுத்தேன். "மச்சான், மூஞ்சிய இப்படித் திருப்புங்க. இன்னும் கொஞ்சம். ஆங், சிரிங்க" என்று முன்னால், பக்கவாட்டில், மேலிருந்து என்று எடுத்துத் தள்ளினேன். முழங்கையை மட்டும் ஜாக்கிரதையாகத் தவிர்த்தேன்.

இதுதான் சமயமென்று பத்திரிகைத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"அதெல்லாம் இங்க இல்ல. காலையில வீட்டுக்கு வந்து வைங்க."

தாம்பாளத்தைத் திருப்பிக் காருக்குள் வைத்துவிட்டு, அந்த 'மத்த'தைப் பற்றி மறுபடியும் மண்டையைக் குடைய ஆரம்பித்தேன்.

விடிந்து பார்த்தால் அவர் கட்டில் காலி. நாங்கள் காரில் இருந்த தண்ணீரில் முகம் கழுவிக் கிளம்பி அவர் வீட்டு முன்னால் காரை நிறுத்தினோம். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் விபூதியோடு மச்சான் வாசலில் நின்று கைகூப்பினார். தெருவே வேடிக்கை பார்த்தது.

"வாங்க மாப்ள, வாங்க! இப்பத்தான் வாரீகளா?"

என் முதுகில் அவர் வீட்டுக் கயிற்றுக் கட்டிலின் வரி இன்னும் அழியவில்லை. "ஆமா மச்சான், இப்பத்தான் வாரோம்" என்றேன்.

உள்ளே உட்காரவைத்து, தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கி, பத்திரிகையைப் பிரித்து, தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மருமகளிடம் திரும்பினார்.

"மாலைக்கு என்ன பூ சொல்லட்டும் ஆத்தா? மல்லிகையா, ரோசாவா?"

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் வாசலுக்குப் போய்க் கூடாரத்தைச் சரிபார்ப்பது போல நின்றேன். அதைக் கடைசிவரை யாராலும் மடிக்க முடியவில்லை; விரித்தபடியே காரின் தலையில் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். அப்படியேதான் பசுமலைக்கு ஓட்டிவந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், கூடாரத்தை இறக்குவதற்கு முன்பே, கல்யாண வீடியோக்காரருக்குப் போன் போட்டேன். "தம்பி, பொண்ணு மாப்பிள்ளை விட்டுப்போனாக்கூட நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆனா ஒரு ஆளு இருக்காரு..."