ரங்கூன் பெட்டிக்குள் இருந்த முகம்

கற்பூர மரத்தின் வாசனை இன்னமும் எப்போதாவது மூக்கில் ஏறும். ஏறினால் அன்றைய பொழுது எனக்கு வீண்தான், ஒரு வேலையும் ஓடாது. ஆம்பூரில் எங்கள் சேரியின் கடைசியில் ஓடு வேய்ந்த ஒரு சிறிய புத்தர் கோயில் இருந்தது. "மடம்" என்போம். ரங்கூனுக்குப் பிழைக்கப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த வெள்ளைக்கல் புத்தர், போதிமரத்து இலை வைத்த வெள்ளிச் சிமிழ், பர்மிய எழுத்து ஓலைக்கட்டு எல்லாம் "ரங்கூன் பெட்டி" என்ற கற்பூர மரப்பெட்டியில் பூட்டிக் கிடக்கும். மூன்று பூட்டு, மூன்று பேரிடம் சாவி. வைகாசிப் பௌர்ணமியன்று காலையில் மட்டும் திறப்பார்கள். மூவருமே தோல் பதனிடும் "ஷாப்பு"க்காரர்கள், மதியச் சங்கு ஊதினால் வேலைக்கு ஓட வேண்டும்.

அம்மாவும் ஷாப்பில்தான். தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழித் தண்ணீர் தெறித்து ஒரு கண் போய், மற்றதும் மங்கிக்கொண்டு வந்தது. அதுவரை எந்த வைகாசியிலும் அவளுக்கு லீவு கிடைத்ததில்லை. "இருக்கற வெளிச்சத்துல அந்த சாமிய ஒரு தபா பாத்துட்டா போதும்டி, அப்பால இன்னா ஆனா இன்னா" என்று அந்த வருஷம் முழுக்க அதே பேச்சு. ஒன்பது வயதில் எனக்குக் கேட்டுக் கேட்டே சலித்துவிட்டது.

அந்த வைகாசியில் எப்படியோ லீவு கிடைத்தது, போனோம். நான் மற்றப் பிள்ளைகளோடு உள்ளே ஓடிவிட்டேன். ஊர்க் கோயிலில் எங்களவர்கள் தெருமுனையில் நின்று கும்பிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். அந்தப் பழக்கத்தில் அம்மா இங்கேயும் வாசலுக்கு எட்டத் தள்ளி, கற்பூரத் தட்டை வெளியே கொண்டுவருவார்கள் என்று கைகூப்பி நின்றுவிட்டாள். உள்ளே இருந்தவர்களோ அவள் யாருக்காகவோ காத்திருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். நான் வெளியே வந்ததும் அம்மா பளாரென்று ஓர் அறை விட்டாள்.

"உள்ளயா பூந்துட்ட? எவனாச்சும் பாத்தா இன்னா ஆவும், பாவி!"

சாவிக்காரர்களில் வயதானவர் பதறி ஓடிவந்தார். "இன்னாம்மா வெளிய நிக்கிற? நம்ம கையால கட்டின கோயிலு இது, உள்ள வாம்மா."

அம்மா அப்போதும் சும்மா வரவில்லை. கையில் தோலைப் பதப்படுத்தும் ஆவாரம்பட்டைக் கறையும் தோல் நாற்றமும் இருக்கிறதே என்று கிணற்றடிக்குப் போய்த் தேய்த்தாள், தேய்த்தாள், அப்படித் தேய்த்தாள். சங்கு ஊதிவிட்டது. அவள் ஈரக்கையோடு வந்தபோது மூன்று பூட்டும் விழுந்து, இரண்டு சாவி ஷாப்புக்குப் போய்விட்டிருந்தன.

வழியில் கேட்டாள்: "நீயாச்சும் பாத்தியே, சொல்லு. சாமி கண்ணு தொறந்திருக்கா, மூடிருக்கா?"

நான் பார்த்ததெல்லாம் சிமிழின் பளபளப்பைத்தான். அறை வாங்கிய கோபம் வேறு. "தொறந்துதான் இருக்கு" என்றேன்.

"அப்ப நம்மள பாக்குறாருன்னு சொல்லு" என்றாள். மற்றக் கண்ணும் அவிந்த பிறகுகூட அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வைகாசியில் நான்தான் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனேன். அந்தப் பெரியவர் அவள் விரலை எடுத்துப் புத்தர் முகத்தில் வைத்தார். நெற்றி, மூக்கு என்று தடவிவந்த விரல் இமையில் நின்றுவிட்டது. "மூடிருக்கேடி" என்றாள் மெதுவாக. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் வெட்கத்தில் தலை நிமிரவே இல்லை, அன்றும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று மடம் இருந்த இடத்தில் தோல் கிடங்கு நிற்கிறது. பெட்டி கொழும்புக்குப் போயிற்று என்கிறார்கள், பட்டணத்தில் இருக்கிறது என்கிறார்கள்; விசாரிக்க எனக்குத் தெம்பில்லை. புத்தர் எப்படி இருந்தார் என்று பிள்ளைகள் கேட்கும்போது கண் மூடியிருப்பார் என்று மட்டும் சொல்கிறேன். இரண்டு கண்ணோடு இரண்டு முறை போனேன். எனக்குத் தெரிந்தது அம்மா விரலால் பார்த்துச் சொன்ன அந்த ஒன்றுதான்.