பிரேக்கிலிருந்து காலை எடுத்த வெள்ளிக்கிழமை

காலை எடுத்தால் லொறி தண்ணீருக்குள். எடுக்காமல் எவ்வளவு நேரம் தாங்குவது? முருகன் அடியார்களே, அந்த நிலையில் இருந்து தப்பி வந்தவன் நான். அன்று கிடைத்த உதவியைச் சொல்லாமல் இருக்க எனக்கு ஏலாது.

எழுபதுகளின் தொடக்கம். திருகோணமலையில் ஒரு நெல் வியாபாரியின் லொறிகளுக்கு ஆள் பழக்குவது என் வேலை; அதனால் ஊருக்கெல்லாம் நான் ‘மாஸ்டர்’. வீடு பாலையூற்றில். நேரே ஓட்ட யாருக்கும் பழக்கிவிடலாம். பின்னுக்கு எடுக்கப் பழக்குவதில்தான் சீவன் போகும். பொறுமைசாலி என்று என்னை யாரும் சொன்னதில்லை. நான் கத்தினால் பக்கத்து வளவுக் காகமும் கிளம்பிவிடும் என்பாள் மனைவி.

செல்வராசா திரியாயைச் சேர்ந்தவன். மூன்று பிள்ளைகளின் தகப்பன். வயலில் வருடக்கணக்காக ட்ரக்டர் ஓட்டியவன். ட்ரெய்லர் பூட்டிய ட்ரக்டரைப் பின்னுக்கு எடுக்கும்போது, ட்ரெய்லர் இடப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெட்ட வேண்டும். லொறியில் போக வேண்டிய பக்கமே வெட்ட வேண்டும். அவனுக்கு அது விளங்கியிருந்தது. மைதானத்தில் அழகாகச் செய்வான். பயம் வந்தால் மட்டும் கை பழைய பழக்கத்துக்கு ஓடிவிடும்.

கிண்ணியாவில் அப்போது பாலம் இல்லை. ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் வாகனங்கள் கடக்கும். பின்னுக்கு எடுத்து ஏற்றினால்தான் அக்கரையில் நேரே இறக்கலாம். மாசி மாத வெள்ளிக்கிழமை, நண்பகல். கிண்ணியாப் பக்கத்தில் நெல் ஏற்றிக்கொண்டு வந்தோம். செல்வராசாவை ஸ்டியரிங்கில் விட்டு நான் இறங்கிப் பின்னால் நின்றேன்.

இறக்கத்தில் லொறியின் பின்பக்கம் வலதுக்குச் சரிந்தது.

“இடதுக்கு வெட்டடா! இடதுக்கு!”

அவன் வலதுக்கு வெட்டினான். பின் சில்லு பாதையின் விளிம்பைத் தாண்டி இறங்கியது. லொறி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. அந்த இறக்கத்தில், அந்தப் பாரத்தோடு, ஹான்ட் பிரேக் பிடிக்கவில்லை. அவன் கால் ஒன்றுதான் லொறியைப் பிடித்திருந்தது. அவன் பக்கத்துக் கதவுக்குக் கீழே வெறும் தண்ணீர்.

“அண்ணை, கால் நடுங்குது. எடுத்தா போயிரும் அண்ணை!”

பாதைக்காரர் இருவர் முன் சில்லுக்குக் கட்டை வைத்தார்கள். ஈர மண்ணில் கட்டை வழுக்கியது. பாதையும் கரையை விட்டு விலகத் தொடங்கியதால், அதன் கயிற்றைப் பிடிக்கவே அவர்களுக்குக் கை போதவில்லை. உதவிக்குக் கூப்பிட ஆளில்லை. ஜும்மாத் தொழுகை நேரம், ஊரே பள்ளிவாசலில்.

நான் இடப்பக்கக் கதவால் ஏறி, அவன் காலின் மேல் என் காலை வைத்து அழுத்தினேன். ஏன் ஏறினேன் என்று இன்றும் தெரியாது. “பிள்ளையள்... அண்ணை, என்ர பிள்ளையள்...” என்று அவன் அழுதான். எனக்குக் கோபம் வந்தது, முருகன் மேல்தான். வருடா வருடம் வெருகலில் உன் கோயிலுக்கு நடந்து வந்தேனே, இதற்கா? பிறகு கோபமும் போய்விட்டது. “முருகா, எனக்குக் கேட்கவும் தெரியேல்ல. இவனை மட்டும் வீட்டுக்கு அனுப்பு” என்று வாய்விட்டுக் கதறினேன். என் தொடை மரத்துக்கொண்டு வந்தது.

அப்போதுதான் ஆட்களின் சத்தம் கேட்டது. கரைவலை இழுக்கிறவர்கள். தொழுகை முடிந்தால் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டுத்தான் எப்போதும் கரைக்கு வருவார்கள். அன்று கடலில் சாளை மீன் கூட்டம் கறுத்துக் கிடக்கிறது என்று யாரோ சொல்ல, வெள்ளைச் சாரத்தோடும் தொப்பியோடும் நேரே ஓடி வந்திருந்தார்கள். தோளில் வலைக் கயிறு. சொல்லுங்கள், இதற்கு வேறு என்ன பெயர்?

கயிற்றை லொறியின் முன்பக்கத்தில் கட்டி, கரையில் நின்ற பூவரச மரத்தில் சுற்றி, எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். வலைக்குச் சொந்தக்காரரான அவர்களுடைய சம்மாட்டி, நரைத்த தாடிக்காரர், கதவருகில் வந்தார்.

“மாஸ்டர், புடிச்சிட்டம். இனி கால எடுங்க. எடுத்தாத்தான் இழுக்கலாம்.”

என்னால் எடுக்க முடியவில்லை! முருகா என்று கூப்பிட்ட வாய்க்கு நம்பிக்கை இருந்தது, காலுக்கு இல்லை. கீழே செல்வராசாவின் கால், மேலே என் கால். நான் எடுக்காமல் அவன் எடுக்க ஏலாது.

“நாங்க இருக்கம் மாஸ்டர்.”

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். அவனும் எடுத்தான். லொறி ஒருமுறை பின்னுக்குச் சரிந்தது. கயிறு இறுகியது. நின்றது! எஞ்சினைப் போட்டோம், அவர்கள் இழுத்தார்கள். லொறி கரை ஏறியது.

இறங்கிய செல்வராசா நிலத்தில் குந்தி, பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். கடலைப் பார்த்தேன், மீன் கலைந்து போய்விட்டது. “எங்களாலை உங்கட மீன்பாடும் போச்சே” என்று சம்மாட்டியின் கையைப் பிடித்தேன்.

“மீன் நாளைக்கும் வரும், மாஸ்டர். புள்ளைகளுக்கு வாப்பா வருமா?” என்றார்.

அடுத்த கிழமை அதே துறையில் செல்வராசாவே லொறியைப் பின்னுக்கு ஏற்றினான். நான் கத்தவில்லை. அதற்குப் பிறகு பழக வந்தவர்களுக்கு மெதுவாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். காலையில் லொறியில் ஏறுமுன், முருகனைக் கூப்பிடாமல் சாவியைத் தொட்டதில்லை.

அடியார்களே, கூப்பிடுங்கள். அவன் யாரை அனுப்புவான், எந்தத் தொப்பியோடு அனுப்புவான் என்று பார்க்காதீர்கள். ஆனால் அவர்கள் வந்து கயிற்றைப் பிடித்த பிறகும், என்னைப் போல அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். காலை எடுங்கள்.