குறைச் சீட்டு எழுதிய பார்சல் அண்ணன்

போன வெள்ளிக்கிழமை காலையில் துணி யானை ஒன்றின் வயிற்றில் இலவம்பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஏழுமலை வந்து நின்றார். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மண்பொம்மை செய்கிறவர். வேலையில்லாமல் திண்டிவனம் வரைக்கும் பஸ் ஏறி வருகிற ஆள் இல்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே, "இன்னிக்கு அண்ணன் கடை தொறக்கலக்கா" என்றார். மழையோ பண்டிகையோ, ஏழு மணிக்குத் திறந்துவிடுகிற கடை அது. "ஏன், ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டேன். "ராத்திரி படுத்தவரு எழுந்திரிக்கல" என்று சொல்லிவிட்டு அவர் அழ ஆரம்பித்தார். எனக்கு உடனே அழுகை வரவில்லை. கையிலிருந்த பஞ்சை முழுவதும் திணித்து, யானையின் வயிற்றைத் தைத்து மூடிய பிறகுதான் வந்தது.

விழுப்புரம் ரயிலடியிலிருந்து வெளியே வரும் சாலையில் கைவினைக் கடை வைத்திருந்த கோவிந்தசாமி அண்ணனைத்தான் சொல்கிறேன். முழுப் பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்குத் தெரியாது. பார்சல் அண்ணன் என்றால் தெரியும். ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்கார முடியாமல், சுற்று வட்டாரத்தில் அவரவர் வீட்டில் கையால் செய்கிற சாமான்களை வாங்கி வைத்து விற்க அறுபதை நெருங்கும் வயதில் ஒரு கடை போட்டார். ஏழுமலையின் மண்குதிரைகள், ஓமந்தூர்க்காரர் ஒருவரின் பனையோலைக் கூடைகள், கோட்டக்குப்பத்து மைமூன் அக்காவின் பூவேலைக் கைக்குட்டைகள், என் துணி யானைகள் எல்லாம் அங்கேதான் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

ஒருவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் அவருக்கே பிடிக்காது. அதனால் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் மற்றவர்கள் கட்டிய கட்டை நம்பமாட்டார். நாம் எவ்வளவு இறுக்கிக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், பிரித்து, மறுபடி தன் கையால் கட்டினால்தான் திருப்தி. இதனால் பாசஞ்சர் வண்டியை நான் எத்தனையோ முறை கோட்டை விட்டிருக்கிறேன். கட்டும்போது பாட்டு வேறு பாடுவார். அதைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை.

அவருடைய கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. சாமானைக் கொண்டுபோய் வைத்ததும், காதில் செருகிய பென்சிலை எடுத்து, "குறை என்னா?" என்பார். நாம் ஒரு குறையாவது சொல்லவேண்டும். அதைச் சின்ன அட்டைச் சீட்டில் எழுதி, சணல் நூலால் சாமானிலேயே கட்டித் தொங்கவிடுவார். வருகிறவர்கள் படித்துவிட்டுத்தான் வாங்கவேண்டும். 'அடி கெட்டி. கைப்பிடி அவ்வளவு கெட்டி இல்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு போகவும்' என்று ஒரு கூடையில் தொங்கும். 'வலது காது சின்னது. செய்தவருக்கும் தெரியும்' என்று ஒரு குதிரையின் கழுத்தில் இருக்கும். 'பூ அழகு. இலை அவசரத்தில் போட்டது' என்று மைமூன் அக்காவின் கைக்குட்டையில் எழுதியிருந்ததைப் பார்த்து அவர் கொதித்துப் போய்விட்டார். "பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, பொண்ணுக்கு ஒரு கண்ணு சின்னதுன்னு நாமளே சொல்ற மாதிரி இருக்குதுண்ணே. எவனாச்சும் வாங்குவானா?" என்று சண்டைக்குப் போனார்.

அண்ணன் அசரவில்லை. "பார்சல் ஆபீசுல ஒரு பொட்டி வந்தா மொதல்ல என்னா பண்ணுவோம்? மூலை நசுங்கிக்கினு இருக்குது, கட்டு தளர்ந்துக்கினு இருக்குதுன்னு எழுதிப்புடுவோம். எழுதிட்டா அப்புறம் சண்டையே கெடயாதும்மா. குறைய நாம சொல்லிட்டா, வர்றவங்களுக்குத் தேடறதுக்கு நல்லதுதான் மிச்சம் இருக்கும்" என்றார். மைமூன் அக்கா முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் அந்தக் கைக்குட்டை அன்று சாயங்காலமே விற்றுப்போனது. அடுத்த முறை அவர் கொண்டுவந்தவற்றில் இலைகள் பூவைவிட அழகாக இருந்தன.

இந்தச் சீட்டுகளால் ஒரு கூத்தும் நடந்தது. மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசை ராத்திரி கூட்டம் வரும் என்று ஒரு முறை அங்கே பகலிலேயே கடை விரித்தோம். அடித்த காற்றில் நூல் அவிழ்ந்து சீட்டுகள் எல்லாம் பறந்தன. பொறுக்கி எடுத்து அவசரத்தில் கட்டியதில் ஒன்றுக்கொன்று மாறிப்போயிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மறு அமாவாசைக்கு ஒரு வேர்க்கடலை விவசாயி முறத்தோடு வந்து நின்றார். "நானும் மல்லாட்டை பொடைக்கறப்பல்லாம் ஊதி ஊதிப் பாக்கறேன், சத்தமே வர்ல" என்றார். முறத்தின் ஓரத்தில், 'ஊதினால் சத்தம் பலமாக வரும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்' என்ற சீட்டு. ஏழுமலை செய்த மண் ஊதலுக்கு எழுதியது! அண்ணன் எழுந்து நின்று, கை கூப்பி மன்னிப்புக் கேட்டு, ஒரு ஊதலை அவர் கையில் கொடுத்தார். அவர் அதை அங்கேயே ஊதிப் பார்த்துவிட்டு, "இப்ப சரியா கீது" என்று திருப்தியாகப் போனார். அண்ணன் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

என் கதைக்கு வருகிறேன். ஒரு வருஷம் தை மாதத்தில் என் நாத்தனாருக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். சீரோடு என் தையல் மிஷினையும் சேர்த்து அனுப்பிவிடலாம் என்று என் மாமியாருக்கு யோசனை. "துணிய வெட்டி யானை பண்றதுக்கு மிஷினு எதுக்கு? ஊசி போதாதா?" என்றார். என் கணவர் அம்மா பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவர். மாதா மாதம் நிலையாக வேலை வந்தால் மிஷின் இருக்கட்டும் என்பது வரைக்கும்தான் அவரால் வாதாட முடிந்தது. அந்த மிஷின் என் பிறந்த வீட்டில் கொடுத்தது. அதன் முன்னால் உட்காரும் நேரம் மட்டும்தான் அந்த வீட்டில் என்னுடைய நேரமாக இருந்தது.

ஐப்பசியில் அண்ணனிடமிருந்து கார்டு வந்தது. சென்னையில் குழந்தைகள் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள் வருகிறார், யானைகளைப் பார்க்க விரும்புகிறார், நீயும் வா என்று எழுதியிருந்தார். சந்தோஷத்தோடு ஒரு பயமும் எனக்கு வந்தது. தையற்கடைகளில் மிஞ்சும் துண்டுத் துணிகளில்தான் யானைகளைத் தைப்பேன். அவற்றில் சிவப்புதான் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் ஆடி மாதத்தில் ஒரு நாள் என் மகள் சிவப்பு யானையின் தும்பிக்கையைச் சப்பிவிட்டு, வெற்றிலை போட்டவள் மாதிரி உதடு சிவந்து வந்து நின்றாள். சாயம் போகிறது என்று அன்றே எனக்குத் தெரியும். ஆனால் அண்ணன் "குறை என்னா?" என்று கேட்டபோதெல்லாம், "கொஞ்சம் இடப்பக்கம் சாயும்" என்று மட்டும் சொல்லிவந்தேன். "வேற?" என்பார். "வேற ஒண்ணும் இல்லண்ணே" என்பேன்.

அந்த அம்மாள் இடுப்பில் ஒரு வயதுப் பேத்தியோடு வந்தார். சிவப்பு யானையை எடுத்துச் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். "சாயட்டும். இவளும் இப்ப அப்படித்தான் நடக்கறா. மாசம் ரெண்டு டஜன் அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். அண்ணன் என்னைப் பெருமையோடு பார்த்தார். நான் தலையாட்டப் போன நேரத்தில், அந்தக் குழந்தை யானையைப் பிடுங்கித் தும்பிக்கையை வாய்க்குக் கொண்டுபோனது. என் மிஷின் கல்யாண வண்டியில் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "அய்யோ, வாயில வெக்க வுடாதீங்க! சாயம் போவும்!" என்று கத்திவிட்டேன்.

அந்த அம்மாள் யானையைப் பிடுங்கி வைத்துவிட்டு, குழந்தையின் வாயை முந்தானையால் துடைத்தார். "எப்பலேர்ந்து தெரியும் தங்கச்சி?" என்று அண்ணன் கேட்டார். "ஆடியிலேர்ந்து" என்றேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பதில் அலமாரியிலிருந்த சிவப்பு யானைகளையெல்லாம் இறக்கிக் கோணியில் போட்டார். பிறகு உட்கார்ந்து ஒரு புதுச் சீட்டு எழுதி, தன் மேஜையில் தொங்கவிட்டார். 'கடைக்காரர்: செய்தவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வார். ஈரத் துணியால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை' என்று இருந்தது. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அந்த அம்மாளும் அதைப் படித்தார். கிளம்பும்போது, "ஆறு பண்ணி அனுப்புங்க. வெந்நீர்ல போட்டுப் பாப்பேன். தேறினா எழுதறேன்" என்று மட்டும் சொன்னார்.

சாயத்தைப் பற்றித் தெரிந்தவர் மைமூன் அக்காதான். "கல்லுப்புத் தண்ணியில ஒரு நாள் பூரா ஊற வையி. மூணு தடவ அலசு. தண்ணி தெளிஞ்சா தையி, தெளியலன்னா அந்தத் துணிய வுட்டுடு" என்றார். அடைமழைக் காலம். துணி காய இடமில்லாமல் அடுப்படியில் கொடி கட்டினேன். கேப்பைக் களியில் சிவப்பாகச் சொட்டியதை, களியின் நிறத்தால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆறு யானைகள் பாசஞ்சரில் போயின. நான் கட்டிய கட்டை வழக்கம்போல் அண்ணன் பிரித்து மறுபடி கட்டித்தான் அனுப்பினார். மார்கழி பிறந்ததும் பதில் வந்தது. 'மூன்று முறை வெந்நீரில் போட்டேன். யானைதான் இளைத்தது, சாயம் போகவில்லை. மாதம் இரண்டு டஜன் அனுப்பவும்.'

என் மாமியார் ஒரு கார்டை நம்பி மிஷினை நிறுத்திவைக்கிறவர் இல்லை. "அந்தக் கடைக்காரரையே நேர்ல கேக்கறேன்" என்று என்னோடு விழுப்புரத்துக்குக் கிளம்பிவிட்டார். கடையில் நுழைந்ததும் உட்காரக்கூட இல்லை. "என் மருமவ வேலை எப்பிடி?" என்று கேட்டார். ஒரே ஒரு நாளைக்காவது என் நல்லதைச் சொல்லிவிடுங்களேன் என்று அண்ணனைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினேன். அவராவது கேட்பதாவது! காதிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டார்.

"ஒரு குறை இருக்குதும்மா" என்றார். "கை சுத்தம். தையல் அந்த மாதிரி வேற எங்கியும் நான் பாத்ததில்ல. ஆனா சொன்ன தேதிக்கு ஒரு நாள் கூட வந்து சேராது. காலையில ஒரு யானை, சாயங்காலம் அரை யானை. அதுக்கு மேல இந்தத் தங்கச்சிக்கு நேரம் கெடைக்கறதில்ல. ஏன்னு எனக்குத் தெரியல."

மாமியார் திரும்பி வரும் வழியெல்லாம் ரயிலில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் விடிகாலையில் நான் அடுப்படிக்குப் போனபோது, அங்கே ஏற்கனவே உலை கொதித்துக்கொண்டிருந்தது. "நீ போய் உம் வேலையப் பாரு. இனிமே காலை அடுப்பு என்னுது" என்றார். நாத்தனாருக்குச் சீரில் ஒரு பித்தளை அண்டா கூடுதலாகப் போயிற்று. அவளுக்குத் தைக்கவும் வராது, அதனால் அவளுக்கும் சந்தோஷம்தான்.

இதெல்லாம் நடந்து பல வருஷம் ஆகிறது. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. போன வெள்ளிக்கிழமை ஏழுமலை போன பிறகு, மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்: "அன்னிக்கு அந்த மனுஷன் சொன்னது உன் குறை இல்லடி. என் குறை. என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு, நான் வருத்தப்படாத மாதிரி சொன்னாரு."

அண்ணன் அது தெரிந்துதான் சொன்னாரா, பழக்க தோஷத்தில் சொன்னாரா என்று இனி யாரைக் கேட்பது? கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார். எனக்கென்று அவர் விட்டுப்போனதைச் சொல்லி முடிக்கிறேன். நான் செய்ததை நீட்டிப் பிடித்து, இன்ன இடத்தில் இது பலமில்லை என்று நானே சொல்லிவிட்டு, தலை குனியாமல் நிற்க எனக்கு இப்போது வருகிறது. அவர் கடைக்குள் கால் வைக்கும் வரை நான் என் வீட்டில்கூட அப்படி நின்றதில்லை.