சற்குணத்தார் விசாரித்த குடும்பம்

என் அக்காவின் புருஷன் சற்குணம் ஜெர்மனியில் கோப்பை கழுவி, பாஸ்போர்ட் கிடைத்ததும் லண்டனுக்கு ஓடிவந்து, செவன் கிங்ஸில் பலசரக்குக் கடை போட்டவர். கடை பேருக்குத்தான். அவருடைய உண்மையான தொழில் குடும்பம் விசாரிப்பது. "தம்பி எவடம்? ஆரின்ர பகுதி?" என்று ஊரையும் உறவையும் கேட்கிற இரண்டு கேள்வியில், சாதி என்ற சொல்லே வாயில் வராமல் சாதியைப் பிடுங்கிவிடுவார். இப்படி விசாரித்து விசாரித்தே மகள் கௌசிக்கு வந்த நல்ல சம்பந்தங்களை எல்லாம் கெடுத்தார்.

கடைசியில் அவள், தன்னோடு வேலை செய்யும் ஆஸ்திரேலியப் பெடியன் ஹேமிஷைத்தான் கட்டுவேன் என்றாள். ஆனால் அப்பாவின் சம்மதம் இல்லாமல் மாட்டேன் என்று என்னிடம் வந்து அழுதாள். இந்த மனிதரின் சம்மதத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தான் வெள்ளைக்காரனையும் விடவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு வைத்துப் பரம்பரையைக் கிண்டினார். அவனும் ஒளிக்காமல் சொன்னான். பூட்டனுக்குப் பூட்டன் எலையாஸ் இங்கிலாந்தில் கூலிக்கு உழுதவன். கப்பலேறி ஆஸ்திரேலியாவில் விக்டோரியாவுக்குப் போய், அரசு கொடுத்த நிலத்தில் கோதுமை விதைத்து, ஆடு வளர்த்துப் பெரிய பண்ணைக்காரன் ஆனான்.

கூலி என்ற சொல் அத்தானின் காதில் ஏறவேயில்லை. "வயல் செய்யிற கமக்கார ஆக்கள்! பரம்பரைக் காணி! எங்கட ஆக்களேதான்!" என்று துள்ளினார். வெள்ளைக்காரனுக்கும் நம் சாதியைக் கொடுத்த மடையர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். "எனக்குச் சம்மதம்" என்றார். கௌசிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஹேமிஷ் அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த நிலத்தில் முன்பே இருந்த பூர்வகுடிகளைத் துரத்திவிட்டுத்தான் எலையாஸ் குடியேறினான் என்றும், அதனால் தன் தகப்பன் போன வருடம் பண்ணையை அவர்களுடைய சந்ததிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார் என்றும் சொன்னான்.

துரத்தியது அத்தானுக்கு ஒரு பொருட்டே இல்லை. "காணியைக் குடுத்திட்டினமோ? விசரங்கள்! அப்ப இவனிட்ட என்ன இருக்கு? இந்தச் சம்பந்தம் சரிவராது" என்று தமிழில் குதித்தார்.

கௌசி எழும்பினாள்.

"அப்பா, எங்கட ஊர் பலாலியில அப்பப்பாவின்ர காணியை ஆமி பிடிச்சு வைச்சிருக்கு. நாளைக்குத் திருப்பித் தந்தா அவங்களும் விசரங்களோ?"

"அது வேற, இது வேற."

"எனக்கு உங்கட சம்மதம் வேண்டாம் அப்பா."

பதிவுத் திருமணத்துக்கு அவர் வரவில்லை. சாட்சிக் கையெழுத்தை நான்தான் போட்டேன்.

அடுத்த மாதம் லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால், ஊரில் ஆமி பறித்த காணிகளைத் திருப்பிக் கேட்டு நம்மவர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அத்தான் தொண்டை கிழியக் கத்தினார். கௌசியோடு ஹேமிஷும் வந்து, பலாலியின் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்தபடி மழையில் நனைந்துகொண்டு நின்றான்.

பக்கத்தில் நின்ற ஒருவர் அத்தானிடம், "ஆர் அண்ணை அந்த வெள்ளைக்காரப் பெடியன்?" என்று கேட்டார்.

"ஆரோ, தெரியாது" என்றார் அத்தான்.