தெருவே அறிந்த மாநாடு

எங்கள் அலுவலகத்தில் அவரை நாற்பதக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாளைக்கு நாற்பது வீடு. மழை பெய்தாலும் சரி, நாய் துரத்தினாலும் சரி, சாயங்காலம் ஐந்து மணிக்கு என் மேசையில் நாற்பது படிவங்களை வைத்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். மற்றவர்கள் இருபத்தைந்துக்கே கால் வலி என்று மூக்கால் அழுவார்கள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதி வருவது அவர் வேலை. அதைக் கணினியில் ஏற்றுவது என் வேலை.

சோப்பு, பற்பசை, தொலைக்காட்சித் தொடர் என்று இருபத்திரண்டு வருடம் கேட்டவர். கதவு திறக்கிற வேகத்தை வைத்தே அந்த வீட்டில் பதில் கிடைக்குமா, திட்டு கிடைக்குமா என்று சொல்லிவிடுவார். "கேள்வியெல்லாம் யாரு தம்பி படிக்கிறா? எந்தக் கட்டம் எங்க இருக்குன்னு கைக்கே தெரியும்" என்பார். நானும் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருக்கிறது.

போன வருடம் எங்கள் நகரத்தில் உலகத் தலைவர்களின் உச்சி மாநாடு நடந்தது. மூன்று நாள். இரண்டு மாதம் முன்பே சுவரெல்லாம் வெள்ளையடித்து, மேம்பாலத் தூண்களில் பூ வரைந்து, கை குலுக்கும் படங்களை ஆள் உயரத்துக்கு ஒட்டிவிட்டார்கள். யாரோ பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எதற்கு வருகிறார்கள், என்றைக்கு வருகிறார்கள் என்று கேட்டால் மூஞ்சியைத்தான் பார்ப்பார்கள். மக்களுக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று கண்டுபிடிக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது.

படிவத்தில் நான்கே கேள்விகள். மாநாடு நடப்பது தெரியுமா, எந்தத் தேதிகளில், எதைப் பற்றி, கீழே உள்ள சாலைகள் மூடப்படுவது தெரியுமா. சாலைகளின் பெயரும் நேரமும் அடியில் பொடி எழுத்தில் இருந்தன. எந்தத் தெருவில் 'தெரியாது' அதிகமோ அந்தத் தெருவுக்கு ஆள் அனுப்பி, வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்து விவரம் சொல்வார்கள் என்று மேலாளர் கூட்டத்தில் சொன்னார். அக்கா அப்போது பின்வரிசையில் செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தார். நான் முன்வரிசையில் இருந்தேன். எல்லாம் என் காதில் விழுந்தது.

முதல் வாரம் அக்கா சோர்ந்துபோய் வந்தார். சோப்பைப் பற்றிக் கேட்டால் ஜனங்கள் சண்டை போட்டுக்கொண்டு பதில் சொல்வார்களாம். மாநாடு என்றதும் கூனிக் குறுகிவிடுகிறார்களாம். ஒரு பெரியவர் உள்ளே போய் மகனைக் கூட்டி வந்தாராம். அவனுக்கும் தெரியவில்லை. "தெரியாதுன்னு போட்டுடாதீங்கம்மா, அசிங்கமா இருக்கும்" என்று அந்த மனிதர் கெஞ்சியிருக்கிறார்.

"அவர் முகத்தைப் பார்த்துட்டு எப்படி தம்பி தெரியாதுன்னு போடுறது?"

தெரியாதவர்களுக்கும் தெரியும் என்று போடுவது அன்றைக்குத் தொடங்கியது. கடைசியாக அவருடைய சொந்தத் தெரு வந்தது. அறுபத்திரண்டு வீடு. அங்கே அவர் கதவைக்கூடத் தட்டவில்லை. கூடவே வாழ்கிறவர்களைப் பரீட்சை எழுத வைப்பதா என்று, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அறுபத்திரண்டையும் அவரே நிரப்பினார். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். மறுநாள் படிவக் கட்டை என் முன்னால் வைத்து, "எங்க தெருவுக்கு மார்க் குறையக்கூடாதுல்ல" என்று கண்ணடித்தார்.

ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே கட்டம். கண் தெரியாதவன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். நான் சிரித்துக்கொண்டே கணினியில் ஏற்றினேன்.

அந்தத் தெருவில் பதினான்காம் எண் வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தார். அக்காவின் வீடு பதினைந்து. நடுவில் ஒரே சுவர். அக்காவுடைய பைகளுக்கு வார் தைத்துக் கொடுப்பது முதல் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பது வரை அந்த அம்மாதான். அவருக்கு ஒரே மகன், கப்பலில் வேலை. ஆறு வருடமாக வீட்டுக்கு வரவில்லை. ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கப்பல் ஆட்களை விமானத்தில் மாற்றும்போது, எங்கள் விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிற்கப்போவதாகச் சொல்லியிருந்தான். புதன்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. வாசல் வரை வரலாம், அதைத் தாண்டி வர நேரமில்லை.

அந்த அம்மா மகனுக்கு ஒரு சட்டை தைத்தார். அளவு? போனில் வந்த படத்தைப் பார்த்து. தோளில் ஒரு விரல் கூட்டினார், பிறகு பிரித்துக் குறைத்தார், பிறகு மறுபடி கூட்டினார். அக்கா தினமும் வேலை முடிந்து போய் உட்கார்ந்து கிண்டல் செய்வார்.

"போட்டுப் பார்க்கத்தானே நீ போற. அங்கேயே ஊசி நூலோட உக்காந்துக்கோ."

"எட்டு மணி பஸ் பிடிச்சா சரியா இருக்குமாம்மா?"

"தாராளமா. முக்கால் மணி நேரம்தானே."

இதைச் சொன்னபோது அக்காவின் மடியில் வேறு தெருவின் படிவங்கள் இருந்தன. விமான நிலையச் சாலை, புதன், காலை ஏழு முதல் மதியம் இரண்டு வரை என்று ஒவ்வொன்றிலும் அச்சடித்திருந்தது. அதுவரை ஐந்நூறு தடவையாவது அது அவர் கைவழியாகப் போயிருக்கும்.

புதன்கிழமை எட்டு மணி பஸ் வரவில்லை. தையல்காரம்மா ஆட்டோ பிடித்து, அதுவும் பாதியில் நிறுத்தப்பட்டு, இறங்கி நடந்து, கடைசியில் தடுப்புக் கட்டையிடம் போய் நின்றார். அங்கிருந்து விமான நிலையத்தின் கூரை தெரியும். மகன் அந்தப் பக்கம் வாசலில் நின்றுகொண்டு போனில் பேசினான். இவர் இந்தப் பக்கம். வரிசையாகக் கறுப்புக் கார்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு மணிக்கு அவன், "உள்ள கூப்பிடுறாங்கம்மா" என்றான்.

சாயங்காலம் அக்கா போனபோது சட்டை மெஷின் மேல் இருந்தது, மடிப்புக் கலையாமல்.

"அந்தப் போலீஸ்காரர் நல்லவர்தாம்மா. குடிக்கத் தண்ணி குடுத்தாரு. ஆனா, வீடு வீடா வந்து சொன்னாங்களே, ஏழு மணிக்கு முன்னாடியே போயிருக்கலாமேன்னு கேக்குறாரு. நம்ம தெருவுக்கு யாரு வந்தா சொல்லு? தெரிஞ்சிருந்தா முந்தின நாளே போய் வாசல்ல உக்காந்திருப்பேனே."

மறுநாள் அக்கா வேலைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்து என் மேசை முன்னால் நின்றார். "தெரியாதுன்னு வர்ற தெருவுக்குத்தான் ஆள் போகும்னு சொன்னாங்களா தம்பி?" என்று கேட்டார். சொன்னார்கள் என்றேன். "உனக்கு அப்பவே தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மாநாடு முடிந்து இரண்டு வாரத்தில் அதே கேள்விகளோடு இரண்டாம் கணக்கெடுப்பு வந்தது. மக்களுக்கு முன்கூட்டியே விவரம் தெரிந்திருந்ததா என்று பார்க்க. அக்கா தன் தெருவையே கேட்டு வாங்கினார். ஒன்றாம் எண் வீட்டிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஒவ்வொரு கேள்வியாக வாய்விட்டுப் படித்திருக்கிறார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடுதான் முடிந்தது. மேலாளர் முணுமுணுத்தார்.

பதினான்காம் எண் வீட்டில் நடந்ததை அக்காவே என்னிடம் சொன்னார். படிவத்தை எடுக்கும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். சாப்பாட்டு மேசை, அறுபத்திரண்டு, மார்க் குறையக்கூடாது என்றது, எல்லாம். தையல்காரம்மா மெஷினை நிறுத்தவில்லை. கையில் இருந்த தையல் முடியும் வரை மிதித்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தபின் பேசினாராம்.

"நீ வந்து கேட்டிருந்தாலும் நான் தெரியும்னுதாம்மா சொல்லியிருப்பேன். உன் முன்னாடி தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்திருக்கும்."

அக்கா பையிலிருந்து படிவத்தை எடுக்கப் போனாராம். அந்த அம்மா இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா நீ கிளம்புறப்போ கையைப் பிடிச்சு, எந்த ரோடுன்னு மெதுவா கேட்டிருப்பேன்ல."

அவர்கள் இப்போதும் பேசிக்கொள்கிறார்கள். பக்கத்து வீடு, பேசாமல் எங்கே போவது. ஆனால் அக்கா பை வார் அறுந்தால் கடைவீதியில் கொடுத்துத் தைத்துக்கொள்கிறார்.

அந்த அறுபத்திரண்டு படிவங்களும் என்னிடம்தான் வந்தன. இந்த முறை ஒவ்வொன்றையும் படித்தேன். சாலைகள் மூடப்படுவது தெரியுமா என்ற கேள்விக்கு ஐம்பத்தொரு வீடுகளில் தெரியாது என்றிருந்தது. பதினைந்தாம் எண் வீட்டின் படிவத்தில் குடும்பத் தலைவரின் தொழில் 'கணக்கெடுப்பாளர்' என்று எழுதியிருந்தது. அதிலும் அதே கேள்விக்கு நேராக, தெரியாது என்ற கட்டத்தில், காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி டிக் போட்டிருந்தார்.