இரண்டாம் மாடி விழுந்த அன்று

அவள் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போகும்போதே மொழிபெயர்ப்பாளர். போன மறுமாதமே மாமனாரின் கட்டட ஆபீஸுக்கு வரும் இங்கிலீஷ் மெயில்களும் அவள் தலையில் விடிந்தன.

மாமனார் கொத்தனாராக ஆரம்பித்து ஒப்பந்தக்காரர் ஆனவர். சுவரைத் தட்டிப் பார்த்தே உள்ளே ஓதமா இல்லையா என்று சொல்லிவிடுவார். அதே தைரியத்தில் இங்கிலீஷையும் தட்டிப் பார்ப்பார். வினை அங்கேதான்.

ஒருமுறை, பெயின்டர்கள் 'ஃபாலன் பிஹைண்ட்' என்று மெயில் வந்தது. மனிதர் மருந்துப் பெட்டியோடு கட்டடத்தின் பின்பக்கம் முழுக்கத் தேடிவிட்டு வந்தார்.

"பின்னாடி யாரும் விழலையேம்மா."

"வேலை பின்தங்கிடுச்சுன்னு அர்த்தம், மாமா. இனிமே நான் வர்ற வரைக்கும் மெயிலைத் திறக்காதீங்க."

தலையை ஆட்டினார். ஆட்டியதோடு சரி.

அடுத்த வாரம் அவள் பல் பிடுங்கப் போயிருந்தபோது, கட்டட உரிமையாளரிடமிருந்து இரண்டாம் மாடி 'ஃபாலன் த்ரூ' என்று ஒரு வரி வந்தது. அந்த மாடிக்கு முந்தின நாள்தான் தளம் போட்டிருந்தார்கள். மாமனார் செருப்புகூட மாட்டாமல் ஓடினார்.

மரத்துப்போன வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் எல்லாரும் தெருவில் நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்திருந்தது. குழைத்த கலவை கேட்பாரற்று இறுகிக்கொண்டிருந்தது.

"எதுங்க விழுந்தது?" என்று கேட்டார் தீயணைப்பு அதிகாரி.

"அதைத்தான் தேடிட்டிருக்கோம்" என்றார் மாமனார்.

அவள் மெயிலைப் படித்தாள். அந்த மாடியை வாடகைக்குக் கேட்டவர் பின்வாங்கிவிட்டாராம்.

"மாடி விழலை, மாமா. பேச்சு கைகூடலை."

"அப்ப கைகூடலைன்னு எழுதித் தொலைய வேண்டியதுதானே? விழுந்துச்சுன்னு ஏன் எழுதறான்?"

"நாம மட்டும் என்னவாம்? தேர்தல்ல தோத்தவன் மண்ணைக் கவ்வினான்னு சொல்றோம். போய் வாயைத் திறந்து பார்க்கிறோமா?"

"பார்த்தா தப்பில்லை" என்றார் அவர். அவளுக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் உரிமையாளர் சமாதானமாகவே எழுதியிருந்தார்: என்ன ஆனாலும் 'ஃபால் பேக் ஆன்' செய்ய நீங்கள் இருக்கிறீர்கள். கடைசியில் கைகொடுக்க நீங்கள் உண்டு என்பது பொருள். அவள் வருவதற்குள் மாமனார் பதிலே அனுப்பிவிட்டார்: தயவுசெய்து எங்கள் மேல் விழ வேண்டாம்.

உரிமையாளர் அவளுக்குப் போன் செய்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க மாமனாருக்கு வயசாகிடுச்சோ?" என்றார்.

காலையிலிருந்து மாமனாரை மனசுக்குள் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போது சுருக்கென்று கோபம் வந்தது.

"மாடியில ஆளுங்க மாட்டிக்கிட்டாங்கன்னு நினைச்சு வெறுங்காலோட மேல ஏறினவர் சார் அவர். நீங்க அன்னைக்கு வந்துகூடப் பார்க்கலை."



போனை வைத்த கையோடு மெயிலின் பாஸ்வேர்டை மாற்றினாள். கோபம் வேறு, பாதுகாப்பு வேறு. இப்போது தினமும் காலையில் எல்லாவற்றையும் தமிழில் எழுதி அவர் மேஜையில் வைக்கிறாள். அவர் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, ஒற்றுப்பிழைகளைச் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பி அனுப்புகிறார்.